ஸ்டெப்னி இல்லாத காரைத் தென்னாப்பிரிக்காவில் ஓட்டலாமா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் சில மாதங்களுக்குள் ஒரு கார் வாங்கிவிடுவார்கள். வேறு வழியும் இல்லை, பஸ்ஸை நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. வாங்கும்போது எஞ்சின் சத்தம், ஏசி, ஓடிய கிலோமீட்டர், சர்வீஸ் புத்தகம் எல்லாம் பார்ப்பார்கள். டிக்கியில் விரித்திருக்கும் கம்பளத்தைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அங்கே முழு டயர் இருக்கலாம், மெலிந்த டயர் இருக்கலாம், பஞ்சர் ஒட்டும் கிட், அதாவது ஒரு பசை பாட்டிலும் சின்ன கம்ப்ரஸரும் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்கு வேலைக்குப் போய்வருவது, மிட்ராண்டிலிருந்து சாண்ட்டனுக்குப் போய்வருவது, இவ்வளவுதான் உங்கள் ஓட்டம் என்றால் ஸ்டெப்னி இல்லாமல் சமாளிக்கலாம். ஊரைத் தாண்டிப் போகிற பழக்கம் இருந்தால் மெலிந்ததாவது ஒரு ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும். அதை மாற்றுவதற்கான சாமான் எல்லாம் சரியாக இருக்கவும் வேண்டும்.

கம்பெனிகள் ஏன் எடுத்துவிட்டன?

ஒரு முழு சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் சேர்ந்தால் சுமார் 20 கிலோ வரும். அதைக் கழற்றினால் எரிபொருள் கொஞ்சம் மிச்சம், புகை அளவுச் சோதனையில் கொஞ்சம் லாபம், தயாரிப்புச் செலவும் குறையும். ஹைபிரிட் கார்களிலும் மின்கார்களிலும் ஸ்டெப்னி உட்காரும் குழியைப் பல நேரம் பேட்டரியே பிடித்துக்கொள்கிறது. இந்தியாவிலும் 2020 அக்டோபர் முதல் விதி தளர்ந்துவிட்டது: டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. அதனால் ஊரில் புதுக் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது.

ஆனால் அந்த ஏற்பாடு ஆணி குத்துவதை மனதில் வைத்துச் செய்தது. இங்கே டயரைக் கொல்வது ஆணி மட்டுமில்லை, ரோட்டுப் பள்ளமும்தான். மழைக்காலம் முடிந்த பிறகு குவாசூலு நேட்டாலின் உள்நாட்டு ரோடுகளில், முக்கியமாக லாரிகள் அதிகம் போகும் இடங்களில், தார் பெயர்ந்து கூர்மையான விளிம்போடு பள்ளங்கள் இருக்கும். 100 கி.மீ. வேகத்தில் அதில் விழுந்தால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், கிழியும். பல நேரம் ஒரே பக்கத்து முன் டயரும் பின் டயரும் சேர்ந்தே போய்விடும். சைடுவாலில் இரண்டு விரல் அகலக் கிழிசல் இருந்தால் பாட்டிலில் இருக்கும் பசை எதையும் அடைக்காது, அப்படியே தரையில் வழிந்துவிடும். கிட் வைத்திருப்பவருக்கு அதன் பிறகு காரை இழுத்துப் போகும் டோ லாரிதான் கதி. அது வரும்வரை எந்த இடத்தில் காத்திருக்கிறீர்கள் என்பதுதான் இந்த நாட்டில் உண்மையான கேள்வி.

உங்கள் காரில் இருப்பது எது?

முழு அளவு ஸ்டெப்னி என்றால் கவலை குறைவு. டயர் அளவு மற்ற நான்கோடும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய காரில் முன்னாள் உரிமையாளர் பெரிய மேக் வீல் (அலாய் சக்கரம்) போட்டிருப்பார், ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இரும்பு ரிம்மில் கிடக்கும்.

மெலிந்த ஸ்டெப்னியை இங்கே மேரி பிஸ்கட் என்பார்கள். அதன் சைடுவாலில் அளவுக்கு முன்னால் டி என்ற எழுத்து இருக்கும். இதற்குக் காற்று 4.2 பார், அதாவது 60 பி.எஸ்.ஐ. சாதாரண டயருக்கு வைக்கிற 2.2 பாரை இதற்கும் வைத்தால் அது பாதி காலி டயர்தான், வளைவில் காரைத் தள்ளிவிடும். உச்ச வேகம் 80 கி.மீ. இதில் சென்ஸார் இருக்காது, ஆகவே டயர் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பதற வேண்டாம். இதைப் போட்டுக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த டயர் கடை வரைக்கும்தான் இதன் வேலை.

ரன்பிளாட் என்பது சைடுவால் தடித்த டயர். காற்று முழுதும் போனாலும் வண்டியின் எடையைத் தாங்கும். பி.எம்.டபிள்யூ கார்களில் இது அதிகம். பொதுவான கணக்கு, 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் 80 கி.மீ. தூரம். சுமை நிறைய இருந்தால் அதுவும் குறையும். சைடுவாலில் ஆர்.எஃப்.டி., ஆர்.ஓ.எஃப்., எஸ்.எஸ்.ஆர்., இசட்.பி. என்று கம்பெனிக்குத் தக்கபடி குறி இருக்கும். பழைய பி.எம்.டபிள்யூ வாங்குபவர்கள் நான்கு டயரிலும் இந்தக் குறியைத் தேடிப் பாருங்கள். ரன்பிளாட் விலை அதிகம் என்று முன்னவர் சாதாரண டயர் போட்டிருப்பார். அப்போது காரில் ரன்பிளாட்டும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை, கிட்டும் இல்லை. பழைய கார் சந்தையில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இந்த நிலைமைக்குத்தான்.

நான்காவது, கிட். பாட்டிலின் மேல் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் நான்கு வருடம்தான் ஆயுள். ஏழு வருடப் பழைய காரில் முதல் நாள் வந்த பாட்டிலே இருந்தால் உள்ளே பசை கெட்டியாகி இருக்கும். பாட்டிலை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், கம்ப்ரஸரை மாற்ற வேண்டியதில்லை.

இருக்கிற ஸ்டெப்னியை உபயோகத்துக்குக் கொண்டுவருவது

இங்கே பெட்ரோல் பங்கில் நீங்களாக எண்ணெய் போட முடியாது, ஊழியர்தான் போடுவார். காற்றும் அவரே பிடிப்பார், காற்றுக்குக் காசில்லை, சில ராண்ட் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். ஆனால் நீங்கள் கேட்காமல் ஸ்டெப்னியை யாரும் தொட மாட்டார்கள். டிக்கியைத் திறந்து சாமானை எடுத்து வைத்து, ஸ்பேர் வீலுக்கும் காற்று வேண்டும் என்று சொல்லுங்கள். அளவை பி.எஸ்.ஐ.யில் சொன்னால் அவருக்குக் குழப்பம். இங்கே மீட்டர் பாரில் இருக்கும், கார் கதவு ஓர ஸ்டிக்கரில் கிலோ பாஸ்கலில் இருக்கும். 100 கிலோ பாஸ்கல் ஒரு பார், ஒரு பார் 14.5 பி.எஸ்.ஐ. ஊரில் 33 வைத்துப் பழகியவர்கள் 2.3 என்று சொன்னால் சரி. முழு அளவு ஸ்டெப்னிக்கு ஸ்டிக்கரில் இருக்கும் அதிகபட்ச அளவை வைத்துவிடுங்கள், தேவைப்படும்போது குறைத்துக்கொள்வது சுலபம்.

உயரத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே வெளிக் காற்றின் அழுத்தமே குறைவு. அங்கே 2.2 பார் பிடித்துக்கொண்டு டர்பனில் இறங்கினால், டயரிலிருந்து துளிக் காற்று போகாமலே மீட்டர் சுமார் 2.0 தான் காட்டும். காரில் ஆள், பெட்டி, பண்டம் எல்லாம் நிரம்பியிருக்கும் விடுமுறைப் பயணத்தில் இந்த 0.2 குறைவு பள்ளத்தில் டயர் கிழிவதற்கே வழி செய்யும். டர்பன் வந்ததும் மறுநாள் காலை, டயர் குளிர்ந்திருக்கும்போது, பார்த்து ஏற்றுங்கள். திரும்பிப் போனதும் அதே அளவு அங்கே கூடுதலாகக் காட்டும், அப்போது இறக்குங்கள்.

டயரின் வயதைப் பாருங்கள். சைடுவாலில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. ஒருநாள்கூட ரோட்டைத் தொடாத ஸ்டெப்னியாக இருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டினால் ரப்பர் காய்ந்துபோயிருக்கும், மாற்றிவிடுங்கள்.

பிறகு லாக் நட்டு. மேக் வீல் திருட்டுக்குப் பயந்து இங்கே ஏராளமான கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வேறு வடிவில் இருக்கும். அதைக் கழற்ற கட்டைவிரல் அளவில் ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி டயர் கடையில் மறந்துபோவதும், முன்னாள் உரிமையாளர் வீட்டு மேசை டிராயரில் கிடப்பதும் சர்வ சாதாரணம். சாவி இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடு அத்தனையும் வீண். கார் வாங்கும் அன்றே அதைக் கையில் வாங்கி, நட்டில் பொருத்திப் பார்த்து, டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் டயர் கடையில் லாக் நட்டுகளை எடுத்துவிட்டுச் சாதாரண நட்டு போடச் சொல்லுங்கள்.

காரோடு வரும் எல் வடிவ ஸ்பேனர் குட்டையாக இருக்கும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிய நட்டு அதற்கு அசையாது. நீளமான பிடியுள்ள ஸ்பேனர், முழங்கால் அகலத்தில் ஒரு தட்டைப் பலகை, தலையில் மாட்டும் விளக்கு, ரப்பர் கையுறை, முக்கோண எச்சரிக்கைப் பலகை, இவ்வளவையும் ஒரு பையில் வையுங்கள். பலகை எதற்கென்றால், மழையில் ஊறிய மண் ஓரத்தில் ஜாக்கி அப்படியே புதைந்துவிடும். அந்தப் பையை டிக்கிக்கு அடியில் வைக்காதீர்கள். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நாளில் பாத்திரம், மடக்கு நாற்காலி, தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் கீழே அது மாட்டிக்கொள்ளும்.

ஸ்டெப்னி இல்லாத காருக்கு வாங்குவது

குழி இருந்து டயர் மட்டும் இல்லையென்றால் வாங்கிப் போடலாம். உடைத்த கார் பாகங்கள் விற்கும் யார்டுகளில் மேரி பிஸ்கட் கிடைக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும், நட்டுத் துளை பொருந்தினால் போதாது.

முதலில் மொத்த விட்டம். உங்கள் டயர் 205/55 ஆர்16 என்று வையுங்கள். 205இல் 55 சதவீதம் 112.75 மில்லிமீட்டர், அது மேலும் கீழுமாக 225.5. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4. கூட்டினால் 631.9. டி125/90 ஆர்16 என்ற மெலிந்த டயருக்கு இதே கணக்கைப் போட்டால் 631.4 வரும், கச்சிதம். அதே யார்டில் டி125/70 ஆர்16 கிடந்தால் அதன் விட்டம் 581.4 தான், 5 சென்டிமீட்டர் குறைவு. ரிம் 16 என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் இந்தத் தவறு நடக்கும்.

அடுத்து போல்ட் வட்டம், அதாவது நட்டுத் துளைகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். பழைய போலோவுக்கு 5 துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். புதிய கோல்ஃபுக்கு 5 துளை, 112. இரண்டும் வோக்ஸ்வாகன்தான், ஆனால் ஒன்று மற்றதில் ஏறாது. நடுத்துளையும் சக்கரம் மாட்டும் அச்சு முகப்பான ஹப்பில் சரியாக உட்கார வேண்டும். பிறகு நட்டு உட்காரும் இடத்தின் வடிவம்: வோக்ஸ்வாகனுக்கு உருண்டை, பல ஜப்பான் கார்களின் இரும்பு ரிம்முக்குக் கூம்பு. உருண்டைப் போல்ட்டைக் கூம்பில் இறுக்கினால் இறுகியதுபோல் தெரிந்து ஓட்டத்தில் தளரும். போல்ட் போடும் கார்களில் இன்னொன்றும் உண்டு. மேக் வீலுக்கான நீளப் போல்ட், மெல்லிய இரும்பு ரிம்மில் போடும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டு பிரேக் பாகத்தில் உரசலாம். அப்படியானால் குட்டைப் போல்ட் ஒரு செட் தனியாக வாங்கி ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். கடைசியாக, வாங்குவதற்கு முன் முன்சக்கரத்தில் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். முன் பிரேக் பெரியது, பின்னால் பொருந்துவது முன்னால் இடிக்கலாம்.

குழியே இல்லாத காரில் டிக்கியில் சும்மா போட்டு வைக்கக் கூடாது. இடிபட்டால் 15 கிலோ சக்கரம் பின் சீட்டை நோக்கி வரும். பெல்ட் போட்டு டிக்கிக் கொக்கியில் இறுக்கிக் கட்டுங்கள். அதுவும் முடியாது என்றால் நகரத்துக்குள் கிட்டோடு இருங்கள், வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் ஸ்டெப்னியை ஏற்றுங்கள்.

ரோட்டில் டயர் போனால்

முதல் வேலை நிறுத்துவது அல்ல, எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது. சில ரோடுகளில் கல்லையும் இரும்பையும் போட்டு டயரைக் கிழித்து, காரை விட்டு இறங்கியதும் கொள்ளையடிப்பது நடக்கிறது. இரவிலோ, ஆளில்லாத பாலத்துக்கு அடியிலோ டயர் போனால் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்கு இடப்புறம் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாவது வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க் அல்லது டோல் கேட் வரை போங்கள். டயர் நாசமாகும், ரிம்மும் போகலாம். போகட்டும்.

என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அருகே சிடாராவிலிருந்து ஹைடல்பர்க் வரை, வான் ரீனன் கணவாய் உட்பட, டோல் நிறுவனத்தின் உதவி எண் 0800 63 4357. கைப்பேசியிலிருந்து அவசர எண் 112. இரண்டையும் இப்போதே சேமித்து வையுங்கள். இன்சூரன்ஸில் ரோட்டோர உதவி சேர்ந்திருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை டோ செய்வார்கள் என்பதையும் கேட்டு வைப்பது நல்லது.

நின்ற பிறகு ஆட்களைக் காரிலிருந்து இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். முக்கோணப் பலகை காருக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டர், சுமார் 60 எட்டு. வலப்பக்க டயர் என்றால் உங்கள் முதுகு லாரிகளைப் பார்த்திருக்கும். அகலமான ஓரம் கிடைக்கும்வரை இன்னும் கொஞ்சம் நகருங்கள், கிடைக்காவிட்டால் மாற்றாதீர்கள், உதவிக்கு அழையுங்கள்.

ஹேண்ட் பிரேக், கியர் ஒன்றில், ஆட்டோமேட்டிக் என்றால் பியில். எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் கார் ஜாக்கியிலிருந்து சரியும். ஜாக்கியை அடிச்சட்டத்தில் குறியிட்ட இடத்தில் மட்டும் வையுங்கள், கீழே பலகை. ஸ்டெப்னியைக் கார் அடியில் படுக்கப் போட்டுவிட்டுத் தூக்குங்கள், ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல் நிற்கும். டயர் தரையைவிட்டு மூன்று விரல் உயர்ந்தால் போதும். பழைய சக்கரம் கழன்று வந்ததும் அதை அடியில் தள்ளி ஸ்டெப்னியை எடுங்கள். கடற்கரை ஊர்களில் ரிம் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். அப்போது காரைத் தூக்கியபடி உதைக்காதீர்கள். நட்டுகளைத் தளர்வாக மாட்டி, காரை இறக்கி, ஓரிரு அடி மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும்.

நட்டுகளைக் கையால் முழுதும் முடுக்கி, இறக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்குங்கள். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். 50 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மெலிந்த ஸ்டெப்னி என்றால், முடிந்தவரை பின்னால் போடுங்கள். முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரத்தை முன்னால் மாற்றி, மேரி பிஸ்கட்டைப் பின்னால். இரட்டை வேலைதான், ஆனால் முன்சக்கர இழுவைக் காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் டிஃபரன்ஷியலும் அதனால் பிழைக்கும். இருட்டில், ஆபத்தான இடத்தில் இதைச் செய்ய வேண்டாம், முன்னால் மாட்டிக்கொண்டு மெதுவாகக் கிளம்பிவிடுங்கள்.

கிட்தான் இருக்கிறது என்றால்

ஆணியைப் பிடுங்காதீர்கள், அதுவே பாதி அடைப்பு. ஓட்டை பட்டன் பகுதியில், அதாவது ரோட்டைத் தொடும் பகுதியில் இருந்து, 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கிட் வேலை செய்யும். பாட்டிலைக் குலுக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரஸரை இணையுங்கள். தொடக்கத்தில் மீட்டர் 4, 5 பார் என்று எகிறும், பசை வால்வுக்குள் போவதால் அப்படி. பிறகு இறங்கும். பத்து நிமிடத்தில் 1.8 பாரைக்கூடத் தொடவில்லை என்றால் ஓட்டை பெரியது, நிறுத்திவிடுங்கள், கம்ப்ரஸரும் அதற்கு மேல் ஓடினால் எரிந்துவிடும். ஏறிவிட்டால் உடனே கிளம்பி, 80க்கு மேல் போகாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி, நின்று பாருங்கள். சக்கரம் சுற்றினால்தான் பசை உள்ளே பரவும். அழுத்தம் 1.3 பாருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயரில் மேலே ஓட்டக் கூடாது.

டயர் கடையில் உள்ளே பசை இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பிரிக்கும்போது கழுவித் துடைக்கிற வேலையில் சண்டை வரும், சில கடைகளில் பசை போட்ட டயரை ஒட்டவே மாட்டார்கள். நல்ல ஒட்டு என்பது டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கமாகக் காளான் வடிவப் பிளக் போடுவது. வெளியிலிருந்து குத்திச் செருகும் கயிறு தற்காலிகம்தான். சைடுவாலை எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சில இடங்களுக்குத் தனிக் கவனம்

க்ரூகர் பூங்காவுக்குள் அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. டயர் மாற்றுவதற்கும் இதே சட்டம்தான். ஊர்ந்து அடுத்த முகாமுக்குப் போங்கள், அல்லது பூங்காவின் அவசர எண்ணை அழையுங்கள். அதை வாசலில் நுழையும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லெசோத்தோவுக்கும் நமீபியாவின் கல் ரோடுகளுக்கும் போகிறவர்கள் முழு அளவு ஸ்டெப்னி, முடிந்தால் இரண்டு, இல்லாமல் கிளம்பவே வேண்டாம்.

ஹைலக்ஸ் போன்ற பக்கிகளில் (பிக்கப் வண்டிகளை இங்கே இப்படிச் சொல்வார்கள்) ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். அதை இறக்கும் கம்பியை எங்கே செருகுவது என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை செய்து பழகுங்கள். சேறும் துருவும் ஏறி இறங்காமல் போவதும் உண்டு. திருட்டும் அதிகம், அதற்கென்று விற்கும் பூட்டு ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் விமான நிலையத்திலேயே டிக்கிக் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர், லாக் நட்டுச் சாவி நான்கையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் டயரும் ரிம்மும் பெரும்பாலும் சேராது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.